பிரிக்காத பூப்பொட்டலம்

பழைய கைப்பையின் வார் இன்று காலை அறுந்துவிட்டது. உள்ளே இருந்ததையெல்லாம் மேசைமேல் கொட்டிப் புதுப் பைக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, அடியில் கிடந்த அந்தக் காகிதப் பொட்டலம் சாவிக்கொத்தோடு சேர்ந்து விழுந்தது. நூல் சுற்றிய சின்னப் பொட்டலம். முகர்ந்து பார்த்தேன். பூவாசம் எப்போதோ போய்விட்டது. பழைய காகித நெடி மட்டும் இருந்தது. பக்கத்தில் கைப்பேசியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. உன் விமானத்தைத் தேடி மறுபடியும் ஒரு கப்பல் கிளம்புகிறதாம்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததற்கு அர்த்தம் ஏதும் கிடையாது. இந்தச் செய்தி அவ்வப்போது வருகிறது. பையும் என்றாவது அறுந்துதான் ஆகும். வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். இருந்தாலும் முதல் பாடவேளைக்கு வேறொருவரைப் போகச் சொல்லிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காந்திபுரத்தில் பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவே இருந்த அந்தப் பெண்கள் விடுதியில் நீ பொறியியல், நான் புள்ளியியல். உன் சத்தத்துக்கு அறையில் நான் ஒருத்தி இருப்பதே வெளியே தெரியாது. படிப்பு முடிந்து நீ பம்பு தயாரிக்கும் ஆலையில் சேர்ந்து, கடைசியில் நாடு நாடாகப் போய் போர்வெல் மோட்டார் விற்றாய். நான் கோவையைவிட்டு நகரவில்லை. அன்றைக்கு விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டபோதும் அதைச் சொல்லித்தான் சிரித்தாய். "நீ அங்கயே உக்காந்து நிகழ்தகவு போட்டுட்டு இரு அம்மணி. நான் எறங்கிப்போட்டுக் கூப்பிடறேன்."

விமானம் கடலுக்கு மேலே காணாமல் போயிற்று. கோளாறு என்று ஒரு சொல்கூட வரவில்லை. சில நாள் தொலைக்காட்சியில் எல்லோரும் நிபுணர்களாக இருந்தார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காமல் தொண்டாமுத்தூர் பேருந்தில் ஏறி உங்கள் தோட்டத்துக்குப் போனேன்.

உன் அம்மா தென்னந்தோப்பின் ஓரத்தில் முறிந்து கிடந்த வாழைகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். முந்தின இரவு மலையிலிருந்து யானை இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அழவில்லை. மண்ணில் பதிந்திருந்த பெரிய காலடிகளைக் காட்டினார்.

"பாரு கண்ணு. ஆனெ வந்துட்டுப் போனா இத்தனெ தடம் இருக்குது. அம்மாம் பெரிய பிளேனு, அத்தனெ சனத்தோட போச்சு. ஒரு தடம்கூடவா இருக்காது?"

"கடல்ல தடம் நிக்காதுங்கம்மா," என்றேன்.

"அப்ப எதெ வெச்சுத் தேடறாங்க?"

அதற்கு எனக்குப் பதில் தெரியும் என்பது அன்றைக்குச் சற்றே ஆறுதலாக இருந்தது. உன் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, குச்சியால் மண்ணில் கட்டங்கள் போட்டேன். கடலை இப்படிப் பிரித்துக்கொள்வார்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வாய்ப்பு கொடுப்பார்கள், வாய்ப்பு அதிகமுள்ள கட்டத்தில் முதலில் தேடுவார்கள், அங்கே கிடைக்காவிட்டால் மற்றக் கட்டங்களின் வாய்ப்பு கூடும் என்றேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்ப கெடைக்காமப் போகப் போக, கெடைக்கறதுக்கு வாய்ப்பு கூடீட்டே வருதா?"

"கட்டத்துக்குள்ள எங்கியாச்சும் இருந்தாங்கம்மா."

"இல்லீன்னா?"

நான் குச்சியைக் கீழே போட்டேன். கிடைக்காத ஒவ்வொரு நாளும், நாம் போட்ட கட்டங்களே தவறாக இருப்பதற்கான வாய்ப்பும் கூடிக்கொண்டே போகும். அதை நான் சொல்லவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். காலால் மெதுவாக மண்ணைத் தேய்த்துக் கட்டங்களை அழித்துவிட்டு, "வா, காப்பி குடிக்கலாம்," என்றார்.

விடுமுறையில் நான் முதன்முதலாக உங்கள் தோட்டத்துக்கு வந்தபோது போர்வெல் மோட்டார் கழன்று குழிக்குள் விழுந்தது உனக்கு நினைவிருக்கும். கயிற்றில் இரும்புக் கொக்கி கட்டி இறக்கினார்கள். நீ பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்தாய். எதிலாவது தட்டினால் உள்ளங்கையில் தெரியும் என்று சொல்லி என் கையையும் அதன்மேல் வைத்தாய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம்வரை துழாவியும் மோட்டார் சிக்கவில்லை. உன் அண்ணன், "உள்ள மோட்டாரே இல்லியாட்ட இருக்குது," என்று கேலி செய்தார். நீ கோபத்தோடு திரும்பினாய். "கெடைக்கலீன்னா அங்க இல்லீன்னு அர்த்தமில்லீங்கண்ணா. நம்ம கவுறு பத்தலீன்னு அர்த்தம்."

அந்த மோட்டார் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. பக்கத்திலேயே வேறு குழி போட்டார்கள். உன் விமானத்தைத் தேடிய கப்பல்கள் வெறுங்கையோடு திரும்பின என்று படிக்கும்போதெல்லாம் என் உள்ளங்கையில் அந்தக் கயிறு இருக்கிறது.

பிறகு எங்கோ ஒரு தீவின் கரையில் இறக்கைத் துண்டு ஒன்று ஒதுங்கியது. உன் விமானத்துடையதுதான் என்றார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. உன் அண்ணனுக்கும் போதுமாக இருந்தது. அவர் மகளுக்கு நல்ல இடத்தில் வரன் கூடிவந்திருந்தது. வீட்டில் ஒரு சாவு கழிக்கப்படாமல் கிடக்கும்போது முகூர்த்தம் வைக்க மாப்பிள்ளை வீட்டார் தயங்கினார்கள். கருமாதி செய்துவிடலாம் என்று அண்ணன் சொன்னதும் உன் அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஒரு துண்டுத் தகரத்தைப் பார்த்துப் பெற்ற மகளுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க மாட்டேன் என்றார்.

கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவிநாசிப் பக்கம் இருக்கும் உங்கள் குலதெய்வக் கோயிலில் பூவாக்கு கேட்பது. வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம் கட்டிப்போட்டு, பார்க்காமல் ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் நீ இருக்கிறாய், காத்திருக்கலாம். சிவப்பு வந்தால் கருமாதி. அம்மன் சொல்வதற்கு இருவரும் கட்டுப்படுவது.

உன் அம்மா என்னையும் வரச் சொன்னார். துணைக்கு என்று நினைத்துப் போனேன். கோயிலில் பூக்களையும் காகிதத்தையும் என்னிடம் நீட்டினார்.

"நீ கட்டு கண்ணு."

"எனக்கு இதுல நம்பிக்கை இல்லீங்கம்மா."

"அதுக்குத்தான் உன்னெக் கூப்பிட்டேன். நம்பறவ கட்டுனா கை ஆசெப்பட்டுரும்."

தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து கட்டினேன். ஒரே அளவுக் காகிதம், ஒரே எண்ணிக்கைப் பூ, ஒரே மாதிரி முடிச்சு. முந்தானைக்குள் போட்டு, எது எது என்று எனக்கே தெரியாமல் போகும்வரை குலுக்கினேன். நம்பிக்கை இல்லாத காரியத்தை நான் அத்தனை ஒழுங்காகச் செய்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நீ பார்த்திருந்தால் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டியிருப்பாய்.

பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் போட்டார். வழக்கமாகச் சிறு குழந்தையைத்தான் எடுக்கச் சொல்வார்களாம். உன் அம்மா தானே குனிந்து ஒன்றை எடுத்தார்.

"பிரிங்கம்மா," என்றார் பூசாரி.

அவர் பிரிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பிரிம்மா. என்னதான் வந்திருக்குதுன்னு பாக்கலாம்," என்றார் அண்ணன்.

"அம்மங்கிட்டக் கேக்கோணும்னு சொன்ன. கேட்டாச்சு. அவளும் சொல்லிப்போட்டா." உன் அம்மா பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். "அது எனக்கும் அவளுக்கும் இருக்கட்டும்."

"அப்பக் கல்யாணம்?"

"வெய்யி. ஆரு வேண்டாங்கறா? சந்தோசமா வெய்யி."

"சாவு கழிக்காமயா? ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் என்னம்மா பேசும்?"

"செத்தவங்களுக்குத்தாண்டா கழிக்கோணும். என்ற பொண்ணு ஊருக்குப் போயிருக்கறா. அப்படிச் சொல்லு. கேக்கறவன் எங்கிட்ட வந்து கேக்கட்டும்."

அண்ணன் கோயில் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவரும் உன்னைத் தொலைத்தவர் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். உன் அம்மா அவர் தலையில் கை வைத்தார். பிறகு அம்மன் காலடியில் கிடந்த மற்றப் பொட்டலத்தை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

"இதெ நீ வெச்சுக்க. பிரிக்கோணும்னு தோணுச்சுன்னா பிரிச்சுப் பாத்துக்க. எங்கிட்ட மட்டும் சொல்லாத."

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் உன் அம்மாவிடம் எதுவும் கேட்கத் துணியவில்லை. அத்தையாக நீ பிடிக்க வேண்டிய சீர்த்தட்டு வந்தபோது மேடையில் ஒரு நிமிடம் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உன் அம்மா அதைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "அவ வார வரைக்கும் நீ புடி." நம்ம சனமில்லையே என்று பின்னால் ஒரு பெண்குரல் முணுமுணுத்தது. "தட்டுக்குத் தெரியாதுங்," என்று அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னார். உன் வாய் யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

போன வருடம் அவரும் போய்விட்டார். குளிப்பாட்டும்போது இடுப்பில் ஒரு சின்னச் சுருக்குப்பையும் அதற்குள் அந்தப் பொட்டலமும் இருந்தனவாம். அண்ணன் எனக்குப் போன் செய்து, "ஏனுங் டீச்சர், பிரிக்கறதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்," என்றார். அப்படியே விட்டுவிடச் சொன்னேன். அது அவரோடேயே எரிந்தது.

ஆக, இப்போது இது ஒன்றுதான் இருக்கிறது. இதைப் பிரித்தால் அவர் வைத்திருந்தது எது என்று தெரிந்துவிடும். அப்படித்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்று காலை மேசை வெளிச்சத்தில் அதைத் திருப்பிப் பார்த்தபோது, நூலுக்கடியில் காகிதம் லேசாக விரிந்து, உள்ளிருந்து ஒரு இதழின் நுனி வெளியே தெரிந்தது. காய்ந்த புகையிலை நிறம். வெள்ளரளியும் வாடினால் அந்த நிறம்தான், செவ்வரளியும் வாடினால் அந்த நிறம்தான். சொல்வதற்கு இதனிடம் ஒன்றும் மிச்சமில்லை. இனிப் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

புதுக் கப்பல் இதுவரை தேடாத பகுதிக்குப் போகிறதாம். கயிறு இந்தமுறையாவது எட்டுகிறதா பார்க்கலாம். நீ திரும்பி வருவாய் என்று நான் நினைக்கவில்லை, ஒருநாளும் நினைத்ததில்லை. நீ எங்கே கிடக்கிறாய் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

விரிந்திருந்த காகிதத்தை மடித்து, நூலை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்தேன். புதுப் பையில் உள்ளறை ஒன்று இருக்கிறது. அதில் வைத்திருக்கிறேன்.