விழுகிற பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே இயந்திரம் காலையிலேயே மக்கர். பழுது பார்ப்பவர் வருகிறவரை வரிசையில் நின்றவர்களின் வசவு முழுவதும் எனக்கு. அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தால் வாயாடி வாயே திறக்கவில்லை. என் பெண் பேசாமல் இருந்தால் காய்ச்சல் என்று அர்த்தம். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னாள். பள்ளியில் போர் நினைவு விழா வருகிறது. குடும்பத்தில் யாராவது போரில் இறந்திருந்தால் படம் கொண்டுவரச் சொன்னார்களாம், பலகையில் மாட்ட. எனக்குத் தெரியாமல் அலமாரியிலிருந்து, போர் உடுப்பில் இருக்கும் என் அப்பாவின் படத்தை எடுத்துப் போயிருக்கிறாள். சரித்திர டீச்சர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது இந்தப் பலகைக்கு இல்லம்மா" என்று தனியாக எடுத்து வைத்துவிட்டாராம்.

"ஏம்மா, தாத்தா போர்ல சாகலையா?"

செத்தார். தோற்ற பக்கத்தில் நின்று செத்தார். ஒரே நாட்டுக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். எங்கள் தெரு அந்தப் பக்கம் மாட்டியது, வீட்டுக்கு ஓர் ஆள் என்று இழுத்துப் போனார்கள். எந்தப் பக்கம் வேண்டும் என்று அவரை யார் கேட்டார்கள்? இவ்வளவையும் இன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். "ஓ" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 5

டீச்சர் போன் செய்தார். படத்தைத் திருப்பித் தரத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"இன்னும் ரெண்டு நாள் எங்கிட்டயே இருக்கட்டுமா? விழா நாடகத்துல எதிரிங்களுக்கு உடுப்பு தைக்கணும். காலர் எப்படி, பாக்கெட் எந்தப் பக்கம்னு டெய்லருக்குத் தெரியல. உங்கப்பா படத்துல பளிச்சுனு இருக்கு."

சரி என்றேனா, இல்லை என்றேனா, அதுகூட நினைவில்லை. போனை வைத்த பிறகுதான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் முகம் ஆகாது, சட்டை மட்டும் ஆகுமாமே! எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் அதை என்னிடமே கேட்பார்கள்?

இவர் சொல்கிறார்: "விடு. அவங்களோட மல்லுக்கு நின்னு என்ன ஆகப்போகுது? புள்ள அங்கதானே படிக்கணும்." படிக்கட்டும். என்ன படிக்கிறாள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

மார்ச் 6

அரை நாள் விடுப்பு போட்டுப் போய்ப் படத்தை வாங்கி வந்துவிட்டேன். ஆனால் டெய்லர் பார்த்து வரைந்து முடித்துவிட்டாராம். படத்தின் ஓரத்தில் நீலச் சாக்பீஸ் தூள்.

டீச்சர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். "உங்க மனசு எனக்குப் புரியுது" என்றார்.

"புரிஞ்சா பலகையில மாட்டுங்க."

"ஐயோ, மத்த பேரண்ட்ஸ் சண்டைக்கு வந்துடுவாங்க."

"நான் வந்திருக்கேனே, நான் பேரண்ட் இல்லையா?"

அவர் மணி பார்த்தார். வெளியே வரும்போது அந்தப் பலகையைப் பார்த்தேன். வரிசையாகப் படங்கள், கீழே பெரிய எழுத்தில் 'என்றும் மறவோம்'. யாரை மறக்க மாட்டார்களாம்?

மார்ச் 9

வாயாடிக்கு எதிரி வேஷம். தலைகால் புரியவில்லை அவளுக்கு. "தாத்தா சட்டை மாதிரியே தச்சிருக்காங்கம்மா!"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

மார்ச் 11

மெத்தையின் மேல் விழுந்து விழுந்து பழகுகிறாள். முதலில் முட்டி மடங்க வேண்டுமாம், அப்புறம் தோள். மற்ற எதிரிகள் யார் யார் என்று கேட்டேன். எல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகள்!

"நம்ம தெருப் பசங்கதான் நல்லா விழறாங்களாம்மா. டீச்சரே சொன்னாங்க."

விழ மாட்டார்களா பின்னே. பழக்கம்தானே.

மார்ச் 14, சனி

எழுதிவிட்டால் தூக்கம் வருமோ என்னவோ.

இன்றுதான் விழா. நாடகத்தில் முதலில் எதிரிகள் வந்தார்கள், அட்டை வீட்டைக் கொளுத்துவதுபோல் நடித்தார்கள், உரக்கச் சிரித்தார்கள். அப்புறம் வீரர்கள் வந்து சுட்டார்கள். வாயாடி முட்டி மடங்கி, தோள் சாய்ந்து, அழகாக விழுந்தாள். அரங்கமே கைதட்டியது. எனக்கு முன் வரிசையில் ஒரு தகப்பன் விசில் அடித்தான். என் பிள்ளை சாகிறாள், இவர்கள் விசில் அடிக்கிறார்கள்! நாடகம்தான், தெரியும். தெரிந்து என்ன?

கொடியோடு வந்த வீரர்கள் விழுந்து கிடந்தவர்களைத் தாண்டி முன்னால் வந்து பாட ஆரம்பித்தார்கள். ஒருவனுடைய ஷூ அவள் தலைமுடியில் பட்டது. எப்போது எழுந்தேன், எப்படிப் படியேறினேன் என்று சத்தியமாகத் தெரியாது. மேடையில் உட்கார்ந்து அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கண்ணைத் திறக்காமலே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, நான் செத்துட்டேன். போயேன், எல்லாரும் பாக்கறாங்க."

"தெரியும்டி. அதான் வந்தேன்."

யாரோ "இறங்கும்மா" என்று கத்தினார்கள். அப்போது எங்கள் தெருக் கோடி வீட்டு அக்கா மூட்டுவலிக் காலை இழுத்துக்கொண்டு மேலே வந்து தன் மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். பாட்டு மட்டும் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்தது. பாட வேண்டிய பிள்ளைகள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

என் அம்மாவுக்கு இதுகூடக் கிடைக்கவில்லை. அப்பா எங்கே விழுந்தார் என்று அவளிடம் கடைசிவரை யாருமே சொல்லவில்லை.

மார்ச் 16

விழாவைக் கெடுத்தேனாம். இனிமேல் பெற்றோர் மேடைப் பக்கமே வரக் கூடாதாம். நல்லது.

பிப்ரவரி 24, புதன்

மறுபடி விழா வருகிறது. இந்த வருஷம் எதிரி வேஷம் யாருக்கும் கிடையாது என்று செய்தி அனுப்பியிருக்கிறார்கள். வைக்கோல் பொம்மை வைக்கப் போகிறார்களாம்.

"பாத்தியா, நீதான் ஜெயிச்சே" என்றார் இவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் எறிந்தேன். பொம்மைக்குத் தாய் கிடையாது. விழுந்தால் தூக்க எவளும் ஓடி வர மாட்டாள், நிம்மதியாகக் கைதட்டலாம். என்ன மூளை!

சாப்பிடும்போது வாயாடி சொன்னாள், அவளைக் கொடி பிடிக்கச் சொன்னார்களாம். ஜெயிக்கிற பக்கம், முதல் ஆளாக.

"மாட்டேன்னுட்டேன்."

"ஏண்டி?"

"பொம்மைக்கும் அதே சட்டையைத்தாம்மா போட்டிருக்காங்க. அதைத் தாண்டிப் போய்ப் பாடணும்."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"வேற யாரு வர்றீங்கன்னு வகுப்புல கேட்டாங்க." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "இன்னும் யாரும் கை தூக்கலம்மா."