செஞ்சியிலிருந்து வந்த தேவநாதன்

1966 ஆகஸ்டு 4, வியாழன்

உறுதியான செய்தி: செஞ்சிக்காரர் ஒருவர் ஒரு மாதமாகப் புதன்கிழமைகளில் திண்டிவனம் போய், குடியை விட்டவர்கள் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். பெயர் தேவநாதன். எனக்குச் சொன்னவர் சிங்காரவேலு. அவருக்குப் போனில் சொன்னவர் திண்டிவனம் சங்க அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அரிகிருஷ்ணன்.

செஞ்சியில் நம் சங்கத்தின் அலுவலகம் சிங்காரவேலுவின் இரும்புக் கடைப் பின்னறை. அந்தப் பக்கத்து ஆள் இங்கே வந்தால் அவர்களுக்கும், இந்தப் பக்கத்து ஆள் அங்கே போனால் நமக்கும் தகவல் தர வேண்டும், இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. மே மாதம் தபாலிலேயே பேசி முடித்தோம். வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான்.

"ஊர்ல ஒரு காக்கா செத்தாக்கூட ஒனக்குத் தெரியும். இந்த தேவநாதன் யாரு, கண்டுபுடி நிருபரே" என்றார் சிங்காரவேலு.

விசாரிக்கிறேன் என்றேன்.

அந்தத் தேவநாதன் நான்தான்.

ஆகஸ்டு 5

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜூன் கடைசியில் செய்திக்காகப் புதுச்சேரி போனேன். அங்கே மதுவிலக்கு கிடையாது. நான்கு வருஷம் தொடாதவன் அன்று தொட்டேன். இங்கே ஞாயிறுதோறும் புதிதாக வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்வது என் வேலை. அவர்கள் முன்னால் போய் இதை எப்படிச் சொல்வது? முகம் தெரியாத திண்டிவனத்துக்குப் போனேன். அரிகிருஷ்ணன் பெயர் கேட்டார். அன்று காலை நெல் விலை கேட்டு எழுதிக்கொண்டது மண்டிக் கணக்கர் தேவநாதனிடம். அந்தப் பெயர் நாக்கிலேயே இருந்தது.

ஊரையாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். பழக்க தோஷம், ஊரைச் சரியாகச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்டு 10, புதன்

திண்டிவனம் போகவில்லை. பஸ் கிளம்பிப் போன பிறகும் ஸ்டாண்டில் நின்றிருந்தேன்.

ஆகஸ்டு 14, ஞாயிறு

நான் பதில் சொல்லாததால் சிங்காரவேலுவே சங்கத்து விநாயகத்தைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார், மண்டிக் கணக்கர் தேவநாதன் வீட்டுக்கு. ஊரில் அந்தப் பெயரில் வேறு யார் இருக்கிறார், தவிர மாதா மாதம் பாக்கி வசூலுக்கு அவர் புதுச்சேரி போகிறவர்தானே என்பது கணக்கு.

கூட்டம் முடிந்ததும் சந்தோஷமாகச் சொன்னார். "தொட்டதே இல்லன்றான்யா. சாமி மேல சத்தியம் வேற பண்றான். நீ மொதல்ல எத்தினி சத்தியம் பண்ண, ஞாபகம் இருக்குதா?"

"நெஜமாவே தொடாதவரா இருந்தா?"

"அப்போ ஏன் அப்டி வேர்க்குது? நம்ம ஆளுதான். அடுத்த வாரம் மறுபடியும் போவலாம், நீயும் வா."

'இல்லை' என்பதை நம்பாதது எங்கள் சங்கத்தின் பழக்கம். நாங்கள் எல்லாரும் 'இல்லை' என்றுதான் ஆரம்பித்தோம். அதில் ஒருவன்கூட உண்மை சொல்லவில்லை. ஆகவே தேவநாதன் எவ்வளவுக்கு மறுக்கிறாரோ அவ்வளவுக்குக் குடிகாரர்.

அப்போதே சொல்லியிருக்கலாம். டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்டு 17

மண்டிக்குப் போனேன். தேவநாதன் தலை நிமிரவில்லை. மூட்டைகளுக்குப் பின்னால் அழைத்துப் போய் மெதுவாகச் சொன்னார்.

"நிருபர் சார், பேப்பர்ல எதுனா போட்டுடாதீங்க. மொதலாளி காதுக்குப் போச்சுன்னா வேல பூடும். எம் பொஞ்சாதி செந்தாமரை அவங்க அம்மா வூட்டுக்கு அவலூர்பேட்டைக்குப் பூட்டா. புதுச்சேரி போறதே குடிக்கத்தான்னு நெனச்சிக்கினா. யாரு சார் எம் பேரச் சொன்னது? நான் யாருக்கு இன்னா பண்ணேன்?"

போட மாட்டேன் என்றேன். நன்றி சொன்னார். எனக்கு.

நெல் விலையைக் குறித்துக்கொண்டு வந்தேன். முப்பது வருஷத்தில் ஒரு பெயரைத் தப்பாகப் போட்டவன் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேனே — இன்னா மனுஷன்டா நீ. நன்றி வேற வாங்கிக்கினு வர்ற.

ஆகஸ்டு 19

என் மனைவி ஞானம்பாளுக்கு ஜூனிலேயே தெரியும். வாசனை தெரியாதா அவளுக்கு? தேவநாதன் விஷயத்தை இன்று சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"பஸ்ஸு ஏறிப் போயி அடுத்தவன் பேர்ல அழுதுட்டு வர்றீங்க. இங்கயே உங்க பேர்ல அழுதா இன்னா? அந்தப் பொண்ணு பொறந்த வூட்ல குந்தியிருக்குது."

முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஆகஸ்டு 21, ஞாயிறு

கூட்டத்துக்கு முன்பே கடையில் சொல்லிவிட்டேன். சிங்காரவேலு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். தராசு நின்ற பிறகு கேட்டார்.

"அப்போ அவன் நெஜமாவே குடிக்கலியா?"

"இல்லை."

"அடப் பாவி. ஒரு மணி நேரம் அவனுக்குப் புத்தி சொன்னனேய்யா. காப்பி வேற வாங்கிக் குடிச்சன்."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "சரி, ஆளு கெடச்சிட்டான்" என்று பொட்டலத்தைக் கட்டினார். கூட்டத்தில் என் வழக்கமான நாற்காலியில் விநாயகம் உட்கார்ந்தார். நான் புது ஆட்கள் வரிசையில் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லி, ஜூனில் நடந்ததைச் சொன்னேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஆகஸ்டு 23

நேற்று தேவநாதனிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

இன்று சிங்காரவேலுவும் நானும் அவலூர்பேட்டை போனோம். செந்தாமரை வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரெண்டு பேரும் அவரு கூட்டாளிங்க. அவரு வேல பூடும்னு உங்க தலையில போட்டுக்கிறீங்க. அன்னிக்கி எங்க வூட்டுல வந்து அவருதான்னு சொன்னதும் இவுருதானே?" என்று சிங்காரவேலுவைக் காட்டினாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் உண்மையைச் சொல்லியும் நம்பவில்லை. நம்புவதற்கு என்ன வைத்திருக்கிறேன்?

"திண்டிவனத்துல பாத்தவங்க வந்து சொல்லட்டும்" என்று உள்ளே போனாள். நேரில் பார்த்தவனைக் கேள் என்ற நிருபர் பாடத்தை அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகஸ்டு 25

சிங்காரவேலு திண்டிவனத்துக்குப் போன் போட்டார். யார் வந்தார் என்பதை வெளியே சொல்வது சங்கத்தில் கிடையாது. வெளியாள் முன்னால் என்னோடு பேசலாம், சம்மதம் என்று சம்பந்தப்பட்டவனான நானே போனை வாங்கிச் சொல்ல வேண்டியிருந்தது. என் உண்மைப் பெயரைச் சொல்லவில்லை. தேவநாதன் பேசுகிறேன் என்றேன், கடைசித் தடவையாக. ஞாயிறன்று அவலூர்பேட்டைக்கு வரச் சொன்னதோடு சரி, எதற்கு என்றும் சொல்லவில்லை. சொல்லிக் கூட்டிவந்தால் அதையும் ஏற்பாடு என்பாள்.

"வர்றேன். அதுக்குத்தானே ரெண்டு ஆபீசு" என்றார் அரிகிருஷ்ணன்.

மண்டிக்குப் போய்த் தேவநாதனைக் கேட்டேன். "வந்து நிக்கிறேன். ஆனா நெல்லு வெல இனிமே வேற ஆளக் கேட்டுக்குங்க" என்றார். சார் சொல்லவில்லை.

ஆகஸ்டு 27, சனி

நிலுவையில் இருப்பது: செந்தாமரை வீடு திரும்புவாளா என்பது. நாளை ஞாயிறு காலை தெரியும்.

அரிகிருஷ்ணன் முதல் பஸ்ஸில் அவலூர்பேட்டை வந்து இறங்குவார். செந்தாமரை ஸ்டாண்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். தேவநாதனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். அரிகிருஷ்ணன் தேவநாதனைத் தாண்டி என்னிடம் வந்து, வழக்கம்போலக் கையைப் பிடித்து, "இன்னா தேவநாதன், ரெண்டு மூணு வாரமா காணமே" என்பார்.

சுந்தரமூர்த்தி என்று திருத்த வேண்டியது நான்.