மெழுகால் எழுதியவள்

என் அருமைக் கிழவிக்கு,

கோணல்மாணலாக ஓடும் இந்த எழுத்தைப் பார்த்து மகள் சிரிக்கட்டும். சிரித்து முடித்தபின் உனக்குப் படித்துக் காட்டட்டும். இந்த ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுதே போய்விட்டது, விரலெல்லாம் நோகிறது. ஆனாலும் சந்தோஷம்.

நேற்று முதியோர் எழுத்து வகுப்பில் யசென்கா டீச்சர் ‘பிஸாத்தி’ என்று கரும்பலகையில் போட்டார். எழுதுவதற்கு நாம் சொல்லும் சொல்தான். நான் எழுதினால் பிஷெம், நீ எழுதினால் பிஷெஷ், அவள் எழுதினால் பிஷே.

“ஆதியில இந்தச் சொல்லுக்கு வண்ணக்கோலம் போடுறதுன்னுதான் அர்த்தம். ஈஸ்டர் முட்டையில மெழுகால போடுறதை இன்னும் அப்படித்தானே சொல்றோம்?” என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். “அப்படின்னா என் வீட்டுக்காரி சின்ன வயசுலேர்ந்தே எழுதுறா, டீச்சர்!”

“உக்காருய்யா, பெண்டாட்டிதாசா,” என்றான் பக்கத்து வீட்டு ராதோய்கோ. “போன ஈஸ்டருக்கு எனக்கு ஒரு முட்டைகூட வரலை.”

வகுப்புக்குக் கூப்பிட்டபோது, “கைநாட்டுக்காரி கைக்கு எழுத்து வராது” என்று சொல்லிவிட்டு மகள் வீட்டுக்கு வியன்னா பஸ் ஏறினாய். இனி அங்கேயே இருந்துவிடுவேன் என்கிறாய். முட்டையின் வளைவில் நடுங்காமல் கொடி இழுக்கிற கையா அது? நேர்க்கோடு போடவே நான் வியர்க்கிறேன்.

நாம் எழுதினால் பிஷெமோ. அந்த வரியை மட்டும் நான் எழுதிக்கொள்ளவில்லை. என் பக்கத்து நாற்காலியையும் யாருக்கும் விடவில்லை. அடுத்த வாரமும் எழுதுவேன். அதற்குள் பஸ் ஏறிவிட்டாயானால், அந்த வரியை நீயே வந்து எழுது.

உன் கிழவன்