நான்தான் சார் மேனேஜர்

கிழக்குத் தாம்பரம்,
டிசம்பர் 9

அன்புள்ள அத்தானுக்கு,

ஜென்சி எழுதுவது. நானும் நம் ஜெஃப்ரியும் சுகம். மஸ்கட்டில் நீங்களும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை மழையைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். விமானங்கள் ரத்தாகி, காலை ஒன்பது மணிக்குள் அறுபது பயணிகள் பல்லாவரத்தில் எங்கள் ஹோட்டலுக்கு வந்துவிட்டார்கள். காலி அறை பதினொன்றுதான். மேனேஜர் சுந்தரராமன் சார் பெருங்களத்தூரில் இடுப்பளவுத் தண்ணீரில் மாட்டிக்கொண்டார். ரிசப்ஷனில் இருந்தது நான்.

வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் அறை கொடுத்தேன். மற்றவர்களுக்குக் கல்யாண ஹாலில் மெத்தை போடச் சொன்னேன். அதற்குள் சமையல் மாஸ்டர் சவுரிமுத்து ஓடிவந்து, "மேடம், கிச்சன்ல தண்ணி பூந்துகினு கீது, இன்னா பண்றது?" என்றார். அடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் மொட்டைமாடி ஷெட்டுக்கு ஏற்றினோம். நானும் ஒரு அண்டாவைப் பிடித்தேன். பதினொன்றரைக்கு எல்லார் தட்டிலும் சூடான பொங்கல்!

ஒரு பெரியவர் மட்டும் கத்திக்கொண்டே இருந்தார். "மேனேஜரைக் கூப்பிடும்மா, உங்கிட்ட பேசி என்ன பிரயோஜனம்?" என்று எனக்குப் பின்னால் யாரையோ தேடினார். "நான்தான் சார் மேனேஜர், சொல்லுங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவருக்கு என்ன வேண்டியிருந்தது தெரியுமா? மனைவியின் இன்சுலினை வைக்க ஃபிரிட்ஜ். பயம்தான் அப்படிச் சத்தமாக வந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை முதலாளி காந்திமதி அம்மா கூப்பிட்டார்கள். சுந்தரராமன் சார் ஜனவரியோடு ஓய்வு பெறுகிறாராம். அவர் இடத்துக்கு அவரே என் பெயரைச் சொன்னாராம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் விசாவுக்காக நீங்கள் அலைவது தெரியும். அங்கே வந்தால் எனக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் ஹவுஸ்கீப்பிங்கில் படுக்கை விரிப்பு மாற்றத் தொடங்கி இந்த ஹோட்டலில் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இந்த வேலை எனக்கு வரும், அத்தான். கர்வத்தில் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கே தெரிந்துவிட்டது.

கோபம் வந்தால் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். ஜெஃப்ரி என் தோளுக்கு வளர்ந்துவிட்டான்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஈஸ்டருக்கு வாருங்கள், விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். திரும்பிப் போகும் டிக்கெட்டை மட்டும் இப்போது எடுக்க வேண்டாம்.

உங்கள்
ஜென்சி