லீதிக்கு இன்னும் ஏழு வயது ஆகவில்லை

1685 ஆகஸ்ட் 26, ஞாயிறு

அப்பாவிடம் இன்று நான் சொல்லாதது: தங்கை லீதி அப்பம் தின்றாள்.

இந்த வாரம் பூசைக்கு அப்பம் கொடுக்கும் முறை பெரின் வீட்டுக்கு. பூசை முடிந்ததும், சாமியார் மந்திரித்துக் கொடுத்த அப்பத்தில் மீந்த துண்டுகளைக் கூடையில் போட்டுக்கொண்டு எங்கள் சந்து வழியாக வந்தாள். லீதி வாசலில் நின்றிருந்தாள். வெண்ணெய் வாசனை ஜன்னல் வரை வந்தது.

"என்னடி கண்ணு, இப்படிப் பார்க்கறே? வாயைத் திற."

திறந்தாள். பெரின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. லீதியைப் பெற்றுப் போட்டுவிட்டு அம்மா கண்ணை மூடியபோது பால் கொடுத்து வளர்த்தவள் அவள்தான். ஊட்டுவதற்கு அவளுக்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. ஆனால் எதிர் வாசலில் சாமியார் வீட்டுச் சமையற்காரி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். நிதானமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

எங்கள் சீர்திருத்தச் சபைப் பிள்ளை ஏழு வயது நிரம்பியபின் கத்தோலிக்கப் பூசையில் ஆசை காட்டினால் பெற்றவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது ராஜாவின் கட்டளை. லீதிக்கு ஏழு ஆக நவம்பர் பதினொன்று வரை இருக்கிறது. பதினோரு வாரம். பயப்பட ஒன்றுமில்லை. பிறகு ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை?

ஆகஸ்ட் 28, செவ்வாய்

துறையில் கலவரம். எங்கள் சபையார் யாரோ நாட்டை விட்டு ஓட ஒளிந்திருப்பதாகச் சொல்லி ராஜாவின் ஆட்கள் உப்புப் படகு ஒன்றைச் சோதிக்க வந்தார்கள். பெண்கள் உப்பளத்துச் சேற்றை வாரி அடித்தார்களாம். அதிகாரியின் தொப்பி ஆற்றோடு போயிற்றாம். லீதி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. இரண்டு பெண்களைக் கட்டி இழுத்துப் போயிருக்கிறார்கள்.

செப்டம்பர் 3, திங்கள்

சொல்லிவிட்டேன். அப்பா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"முழுங்கிட்டாளா?"

"முழுங்கிட்டா."

எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, அக்டோபர் மூன்றாம் தேதி கடல் நீர் ஏறும் பெரிய ஓதத்தில் ஓர் ஒல்லாந்துக் கப்பல் உப்பு ஏற்றப்போகிறது என்றார். மாலுமியிடம் பேசிவிட்டாராம். உப்புச் சுமப்பவர்களோடு பட்டப்பகலில் ஏறுவது, லீதி கூடைக்குள். பிடிபட்டால் அப்பாவுக்குச் சங்கிலி மாட்டித் துடுப்பு வலிக்கும் கப்பல், எனக்குச் சிறை. சபையின் மூப்பர் அவர். எங்கள் ஜெபவீட்டை இடித்தபோதுகூட நேராக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர். ஓடிப்போவதைப் பற்றி அவர் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை.

சபையின் ஞானஸ்நானப் பதிவேடு நம்மிடம் இருந்தால் பயமில்லை என்றார். லீதி பிறந்த தேதி அதில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. ஜெபவீட்டை இடித்த அன்று பதிவேடும் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

செப்டம்பர் 14, வெள்ளி

வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் தங்க ராஜாவின் குதிரைவீரர்கள் மூன்று பேர், மூன்று குதிரைகள். கையெழுத்துப் போட்டு மதம் மாறிய வீடுகளைத் தாண்டி, மாறாத வீடுகளில் மட்டும் இறங்குகிறார்கள். மூவருக்கும் தலைவன் பெயர் லா வியோலெத். பூவின் பெயர்! அவன் பூட்ஸைக் கணப்பில் காயவைக்க அம்மாவின் நாற்காலியை உடைத்து எரித்தான்.

"கோச்சுக்காதம்மா, புத்தகக்காரி. உங்கப்பா ஒரு கையெழுத்துப் போட்டா, நாளைக்கே நான் அடுத்த வீட்டு நாற்காலியை எரிக்கப் போயிடுவேன்."

துன்பத்தில் மனம் அசையாதிருப்பது எப்படி என்று சொல்லும் புத்தகங்கள் என்னிடம் மூன்று இருக்கின்றன. கூடத்தில் குதிரை மூத்திரம் பெய்யும்போது அசையாதிருப்பதைப் பற்றி ஒன்றிலும் இல்லை.

செப்டம்பர் 17, திங்கள்

இரவெல்லாம் தூங்கவிடாமல் குதிரைவீரர்களின் முரசு. காலையில் உப்பளத்தில் ஆளே இல்லை. எல்லாரும் கையெழுத்துப் போடச் சாமியார் வீட்டு வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். போன மாதம் ஜெபத்தில் எங்களோடு வேதச் சங்கீதம் பாடியவர்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் நின்று பார்க்கவில்லை.

செப்டம்பர் 22, சனி

நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. வியாழக்கிழமை லீதியை நீதிபதி முன்னால் கொண்டுவர வேண்டும். "பூசையில் நாட்டம் காட்டிய, ஏழு வயது கடந்த பெண் குழந்தை" என்று எழுதியிருக்கிறது. கடந்த! யார் சொன்னது?

நீதிமன்றத்தில் பதிவேடு தேடியும் கிடைக்கவில்லையாம்.

கப்பலுக்கு இன்னும் பதினொரு நாள். முன்னாலேயே வேறு படகு உண்டா என்று அப்பா இரண்டு துறைகளுக்கும் நடந்து போய் வந்தார். இல்லை.

செப்டம்பர் 25, செவ்வாய்

பெரின் அழுதுகொண்டே வந்தாள்.

"என் கையை வெட்டிப் போடணும் மார்த். பிள்ளை பார்த்துச்சேன்னு குடுத்தேன். நான் வந்து சொல்றேன். பால் குடுத்தவளுக்குத் தெரியாத வயசா? அணை உடைஞ்ச புயல் வருஷம். என் மகன் பிறந்து நாலு நாள் கழிச்சு இது பிறந்துச்சு."

"உங்க சாமியார் உன்னைச் சும்மா விடுவாரா?"

"அவர் பங்கு அப்பத்துல உப்பை அள்ளிப் போடுறேன், அப்ப தெரியும்."

எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தேன். பூசைக்குப் போகிறவள் வந்து சொன்னால் நம்புவார்கள். நம்பித்தான் ஆக வேண்டும்.

செப்டம்பர் 27, வியாழன்

எழுத வேண்டும். எழுதாவிட்டால் நடந்ததை எனக்குச் சாதகமாக மாற்றி நினைத்துக்கொள்வேன்.

நீதிபதி கிழவர். கொடுமைக்காரர் இல்லை, அதுதான் வேதனை. பெரின் நடுங்காமல் சொன்னாள். புயல், அணை, தன் மகன் எல்லாம் சொன்னாள். "மகன் எங்கே?" என்று எழுத்தர் கேட்டான். "கல்லறையில. அதுலயும் தேதி இருக்கு, போய்ப் பாருங்க" என்றாள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். லீதியின் உயரத்தைப் பார்த்தார். உருவத்தில் அவள் சின்னவள், ஐந்து என்றுகூடச் சொல்லலாம். "ஆறுதான் இருக்கும்போல" என்று எழுத்தரிடம் சொன்னார். என் காதால் கேட்டேன்.

அப்போது அவர் லீதியிடம் பேச்சுக்குத்தான் கேட்டார்.

"பாப்பா, உங்க வீட்டுல இவ்வளவு புத்தகமாமே. உனக்குப் படம் பார்க்கப் பிடிக்குமா?"

"படம் பார்க்க மாட்டேன். படிப்பேன்" என்றாள் லீதி.

"ஓ! படிப்பியா? எங்கே?" மேசைமேல் கிடந்த காகிதம் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். லீதி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் தலையாட்டினேன்.

ஏன்? தலையை அசைக்காமல் இருந்திருக்கலாம். "சும்மா சொல்றா ஐயா, இரண்டு எழுத்துதான் தெரியும்" என்றிருக்கலாம். நாலு வயதில் மடியில் வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். எங்கள் வீடுகளில் எல்லாப் பெண் பிள்ளைகளும் அப்படித்தான். வேதத்தைத் தானே படிக்கத் தெரியாத பிள்ளை எங்களுக்கு வெட்கம். அந்த அறையில் அத்தனை பேர் எங்களைக் கேவலமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் எதையும் நினைக்கவில்லை.

ராஜாவின் பட்டங்களில் தொடங்கி ஏழு வரி படித்தாள். எங்கும் தடுமாறவே இல்லை. எழுத்தர் நீளமான சொல் ஒன்றைத் தேடிக் காட்டினான். அதையும் படித்தாள். படித்துவிட்டு, பாராட்டுக்காக என்னைப் பார்த்தாள்.

நீதிபதியின் முகம் மாறியது. "என் பேரனுக்குப் பதினொரு வயசு. இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான்" என்றார். பிறகு பெரினைப் பார்த்து, "பால் குடுத்த பாசத்துல வயசைக் குறைச்சுச் சொல்றே. ஆறு வயசுப் பிள்ளை இப்படிப் படிக்காதும்மா" என்றார்.

"படிக்கும் ஐயா! இவங்க வீட்டுல எல்லாம் படிக்கும்!" பெரின் கத்தினாள். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அவளைக் கொண்டுபோக மடத்துக் கன்னியாஸ்திரிகள் இரண்டு பேர் பக்கத்து அறையிலேயே காத்திருந்தார்கள். லீதி அழவில்லை. திரும்பி வரப்போவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, என் செருப்பு காயுது, எடுத்து உள்ள வையி" என்றாள்.

வழியெல்லாம் அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். வீட்டு வாசலில்தான் வாயைத் திறந்தார்.

"நல்லாப் படிச்சா" என்றார்.

செப்டம்பர் 28, வெள்ளி

ஒன்றுமில்லை.

செப்டம்பர் 30, ஞாயிறு

மடத்து வாசலில் மூன்று மணி நேரம் நின்றேன். கதவில் உள்ள சிறு துவாரம் வழியாகத்தான் பேசினார்கள். மதம் மாறாத உறவினர் பிள்ளையைப் பார்க்க அனுமதியில்லை. அப்பா மாறினால் பிள்ளையைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டேன். "தரமாட்டோம். ஆனா பார்க்கலாம்" என்றது துவாரம்.

அக்டோபர் 1, திங்கள்

"புதன்கிழமை ரெண்டு பேருமாப் போறோம்" என்றார் அப்பா.

"அவ?"

"ஆண்டவர் கையில இருக்கா."

"கன்னியர் கையில இருக்காப்பா."

மேசையில் ஓங்கி அடித்தார். பிறகு அதே கையால் முகத்தை மூடிக்கொண்டார். கூடத்திலிருந்து லா வியோலெத் எட்டிப் பார்த்தான். கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் எதை நம்புகிறேன்? அப்பா நம்புவதைத்தான். ஒரு வரிகூடக் குறையாமல். அது போதாதா? ஒல்லாந்தில் உட்கார்ந்து அதை நம்பிக்கொண்டு, இங்கே அவள்... முடியாது. என்னால் முடியாது.

அக்டோபர் 2, செவ்வாய்

சாமியார் வீட்டில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு முன்னால் நின்றவருக்கு எழுதத் தெரியாது. கீறல் போட்டுவிட்டுப் போனார். நான் முழுப் பெயரையும் எழுதினேன்: மார்த் கெரென்.

அப்பாவிடம் நானே சொன்னேன்.

"ஒரு நாள் எழுதிட்டு வந்துட்டே. தினமும் அவங்க பூசையில முழங்கால் போடணும், தெரியுமா?"

"தெரியும்பா."

"எனக்காக ஜெபம் பண்ணாதே. அவங்க பாஷையில பண்ணாதே."

சரி என்றேன்.

அக்டோபர் 3, புதன்

நடுப்பகல் ஓதம். பனிமூட்டம். சுமைகாரர்கள் பன்னிரண்டு பேர் மரச்செருப்பு தடதடக்கப் பலகையில் ஏறினார்கள். பதினொரு பேர் இறங்கினார்கள்.

நவம்பர் 15, வியாழன்

அப்பா ரோட்டர்டாம் சேர்ந்துவிட்டார். ஒரு மாலுமி வந்து சொன்னான். கடிதம் எதுவும் கொடுத்தனுப்பவில்லை.

குதிரைவீரர்கள் போன மாதமே வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள். போன மாதமே இன்னொரு கட்டளையும் வந்தது. இனி இந்த ராஜ்ஜியத்தில் எங்கள் சபை என்று ஒன்று கிடையாது. ஞாயிறுதோறும் பெரினோடு பூசைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை லீதிக்கு ஏழு வயது ஆயிற்று.

மாதத்தின் மூன்றாம் வியாழன், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, அரை மணி நேரம் பார்க்கலாம். இன்று பார்த்தேன். சளி பிடித்திருக்கிறது. பல் ஒன்று விழுந்திருக்கிறது. அங்கே அவள் பெயர் மரி-அஞ்செலிக். நேரமாயிற்று என்று உள்ளிருந்து ஒரு கன்னியாஸ்திரி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். லீதி திரும்பிப் பார்த்தாள்.