உன் எலிப்படை

புது பிளாஸ்டிக் உறைகளின் வாசனை, கை கழுவியும் விரலை விட்டுப் போகவில்லை. இன்று காலை உன் விளையாட்டுக் கார்டுகளுக்கெல்லாம் உறை மாற்றினேன். சும்மா உட்கார முடியவில்லை, அதுதான் காரணம். குக்கரை வைத்துவிட்டு விசிலை எண்ண மறந்தேன். பால்கனிக்கும் ஹாலுக்கும் நடந்தேன். மறுபடியும் வந்து உன் டெக்கை, நீ சேர்த்துக் கட்டிய அந்தக் கார்டுக் கட்டை, கலைத்துப் பரப்பினேன்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. அப்புறம் உன் அம்மாதான் இந்தக் கார்டுப் பெட்டியை என் கையில் வைத்தார். "நீயே எடுத்துட்டுப் போம்மா. இதுல என்ன இருக்குன்னு எனக்கு சமஜ் ஆவல. வீட்ல இருந்தா கண்ணு அங்கயே போய் நிக்குது."

கோவையிலிருந்து புனே பக்கம் சிஞ்ச்வட்டுக்கு வேலைக்கு வந்த புதிதில், ஆபீஸில் என்னோடு தமிழ் பேசிய ஒரே ஆள் நீ. பக்கத்து பிம்ப்ரியில் பிறந்தவள், உன் தமிழில் பாதி இந்தி. "வீட்ல உக்காந்து க்யா கரேகி? சல், கார்டு கடைக்குப் போலாம்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இழுத்துக்கொண்டு போனாய். அங்கே எல்லோரும் டிராகன் கார்டு தேடினார்கள், நீ எலி தேடினாய். ஒற்றை எலியை யார் வேண்டுமானாலும் நசுக்கலாம். ஆனால் ஒரு எலி மேஜையில் இறங்கினால் மற்ற எலிகளுக்கெல்லாம் பலம் கூடும். "ஒண்ணொண்ணா பாத்தா கச்ரா, குப்பை. சேந்து வந்தா பாரு" என்பாய்.

அந்தப் படையில் ஒரு கார்டு மட்டும் எனக்கு உறுத்தல். படத்தில் அசல் எலிதான். ஆனால் வகையைச் சொல்லும் வரியில் 'மிருகம்' என்று அச்சாகியிருந்தது. ஆட்டத்துக்கு அந்த வரிதான் சட்டம், படம் கணக்கில்லை. மற்ற எலிகளால் அதற்குப் பலமும் ஏறாது.

"அதையெடுத்துக் கடாசு புள்ள, தண்டச்சோறு!" என்று கத்துவேன்.

"மூஞ்சியப் பாருடி. எலிதான். ரெஹ்னே தே, இருக்கட்டும்" என்று திரும்பச் செருகுவாய்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். படத்தைப் பார்த்து வாங்கி ஏமாந்துவிட்டு வீம்பு பிடிக்கிறாய் என்றுதான் நினைத்தேன். உன் டெக் ஒரு போட்டியிலும் ஜெயித்ததில்லை. "ஒரு தடவையாச்சும் ஜெயிக்கணும்டி" என்று ஆஸ்பத்திரியிலும் சொன்னாய். அதற்காகவே இன்று போட்டிக்குப் போனேன். கிளம்பும் வரை அந்தக் கார்டை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். கடைசியில் வைத்துவிட்டேன். உன்னோடு சண்டை போடாமல் அதை எடுக்க மனசு வரவில்லை.

இறுதி ஆட்டத்தில் எதிரே ஒரு தாடிக்காரர். உன் எலிகள் அவரை ஏறக்குறைய அரித்துத் தீர்த்திருந்தன. அப்போது அவர் ஒரு கார்டை இறக்கினார்: ஒரு வகையைச் சொன்னால் மேஜையில் உள்ள அந்த வகை மொத்தமும் சாகும். "எலி" என்றார். மொத்தப் படையும் போயிற்று.

உன் தண்டச்சோறு மட்டும் நின்றது. அவர் குனிந்து வகையைப் படித்தார், தலையில் கை வைத்துச் சிரித்தார். என் முறை வந்ததும் அது தனியாகப் போய் அடித்தது. ஜெயித்துவிட்டோம்.

தெரிந்துதான் வைத்தாயா? இல்லை, வெறும் வீம்பா? மெட்ரோவில் இடம் இருந்தும் உட்காராமல் இதையே கேட்டுக்கொண்டு வந்தேன். சண்டாளி, சொல்லிவிட்டாவது போயிருக்கலாம்.

ஆட்டம் முடிந்ததும் கை கொடுத்தபடி அந்தத் தாடிக்காரர், "யார் கட்டின டெக் இது?" என்று இந்தியில் கேட்டார்.

"என் ஃப்ரெண்டு."

"பலே மூளை. அடுத்த ஞாயிறு அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நீ இல்லை என்பதை இதுவரை எந்த மொழியிலும், யாரிடமும், என் வாயால் நான் சொன்னதில்லை.