துலோனில் வைத்த குழாய்

சேசு மரி சூசை துணை

ரெட்டியார்பாளையம்,
13 மே 2007

அன்புள்ள நாத்தனார் ஏலிஸுக்கு,

உன் அண்ணி பிலோமின் எழுதுகிறேன். உன் அண்ணன் பிழைத்துக்கொண்டார். முதலில் இந்த ஒரு வரியைப் படித்துவிடு, மற்றதை ஒரு காபி போட்டுக்கொண்டு நிதானமாகப் படி. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். கிட்னி இரண்டும் இருக்கின்றன, இரண்டும் வேலை செய்கின்றன. இந்த நிமிஷம் ஹாலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, ரசத்தில் உப்பே இல்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். திட்டட்டும். இந்தத் திட்டு இனிமேல் காதில் விழுமா என்று ஏங்கிக் கிடந்தவள் நான்.

போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போன் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. நான் யாரோடு பேசினாலும் காதை நீட்டிக்கொண்டு கேட்கிறார். அது ஒரு காரணம். இன்னொன்று, கடைசியாக நாம் பேசிய பேச்சுக்குப் பிறகு உன் குரல் கேட்டால் நான் மறுபடியும் கத்திவிடுவேன். எழுத்தில் அவ்வளவாகக் கத்த முடியாது. அவரோடு பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அத்ரியான் புதன்கிழமை பிரான்ஸுக்குக் கிளம்புகிறார். நீ இருக்கிற துலோனுக்கும் வருகிறாராம், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போன மாதம் பிரான்ஸ் எலெக்ஷன் முதல் சுற்று நடந்ததல்லவா, அன்றைக்குக் காலையிலேயே உன் அண்ணனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. படுங்க என்றேன். கேட்பாரா? கோட்டு மாட்டி, அதன்மேல் மெடல் குத்திக்கொண்டு, பிரெஞ்சு கொன்சுலா ஆபீஸ் வாசலில் போய் வரிசையில் நின்றுவிட்டார். சித்திரை வெயிலில் கோட்டு! ஓட்டும் போட்டார், வெளியே வந்து அப்படியே மரத்தடியில் உட்கார்ந்தும் விட்டார். பல் தந்தி அடிக்க நடுங்கியவரை அத்ரியான்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார். மலேரியாவாக இருக்கும், அந்தக் காலத்தில் ஆப்பிரிக்காவில் வந்தது மறுபடி வந்திருக்கும் என்று அத்ரியான் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே முடியாமல் போனதும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஜுரத்தில் அவர் செய்த கூத்தைச் சொன்னால் சிரிப்பாய். இன்றைக்குச் சிரிக்கலாம், அன்றைக்கு என்னால் முடியவில்லை. வார்டில் செல்வாம்பாள் என்று ஒரு நர்ஸ், பிள்ளைச்சாவடிப் பெண். ஊசி போட வந்தவளைத் தன் கேப்டன் என்று நினைத்து, படுத்தபடியே சலாம் வைத்து, "மொன் கப்பித்தேன்" என்று பிரெஞ்சில் ஏதோ ரிப்போர்ட் கொடுக்கிறார். அந்தப் பெண் அசரவில்லை. "சரிங்க சார், கேம்ப்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது, நீங்க கைய மட்டும் நீட்டுங்க" என்று சொல்லி ஊசியைப் போட்டுவிட்டாள். மகராசி, அவள் நன்றாக இருக்கவேண்டும்.

அப்புறம் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அன்பழகன் என்று ஒருவர், சின்ன வயசுதான், கடுகடுப்பு இல்லாத முகம். படத்தை வெளிச்சத்தில் வைத்து என்னை அருகில் கூப்பிட்டார். கிட்னியிலிருந்து மூத்திரப்பை வரைக்கும் ஒரு கோடு. மேல்முனையும் கீழ்முனையும் பன்றி வால் மாதிரி சுருண்டு, அந்தச் சுருள்களைச் சுற்றி வெள்ளை வெளேரென்று எலுமிச்சம்பழ அளவுக்குக் கல் கட்டியிருந்தது. இந்தக் குழாயை எப்போது வைத்தது என்று கேட்டார். போன ஜூனில், துலோனில், கிட்னிக் கல் எடுத்த கையோடு, மூத்திரம் தடையில்லாமல் இறங்க வைத்தது என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஆறு வாரம், மிஞ்சிப்போனா மூணு மாசம், அதுக்குள்ள எடுத்திருக்கணுமே மா. ஏன் எடுக்கல?" என்று கேட்டார்.

அங்கேயே வராண்டாவில் நின்று உனக்குப் போன் போட்டேன். எடுத்ததும் நீ என்ன சொன்னாய்? பாண்டிச்சேரிக்குப் போய் எடுத்துக்கொள்கிறேன் என்றுதானே அண்ணன் கிளம்பினார், எடுத்தாச்சு என்று போனிலும் சொன்னாரே, பக்கத்திலேயே இருக்கிற உனக்கு இதுகூடத் தெரியாதா, நீயெல்லாம் என்ன பெண்டாட்டி என்று கேட்டாய். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டி, வீட்டில் வைத்து ஆக்கிப்போட்டவள் நீ, எடுக்காமல் ஏன் பிளேன் ஏற்றிவிட்டாய் என்று நானும் கேட்டேன். இனிமேல் இந்த நம்பருக்குக் கூப்பிடாதே என்று சொல்லி வைத்தும் விட்டேன். தப்பு என்று இப்போதும் எழுத மாட்டேன். அந்த நேரத்தில் நீயும் பயந்துபோய்க் கத்தினாய், நானும் பயந்துபோய்க் கத்தினேன், அவ்வளவுதான்.

உண்மை என்னவென்று கேள். முழங்கால் வலி என்று நான் போன வருஷம் அவரோடு துலோனுக்கு வரவில்லை அல்லவா, அது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. உன்னிடம் சொன்னது ஒன்று. என்னிடம் வந்து சொன்னது வேறு. "துலோன் டாக்டரு அடுத்த வருசம் வரும்போது எடுத்துக்கலாம்னுட்டாரு. இது பிரான்ஸ் சரக்கு, பத்து வருசம் கெடந்தாலும் ஒண்ணும் ஆவாது" என்றார். நானும் நம்பினேன். ஏன் நம்பினாய் என்று கேட்காதே. பிரான்ஸில் வாங்கின இஸ்திரிப் பெட்டி இருபது வருஷமாக இந்த வீட்டில் ஓடுகிறது. அவருடைய மூக்குக்கண்ணாடி, பிளேடு, தலைக்குப் பூசுகிற சென்ட் எல்லாமே அங்கிருந்து வந்ததுதான். குழாயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். அதுவும் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிற சொல்தாக்கள் எல்லாரிடமும் வயிற்றைத் தட்டிக் காட்டி, "எங்கிட்டத்தான் பிரான்ஸ் உள்ளயே இருக்குது" என்று பெருமை வேறு! பட்டாளத்துப் பென்ஷன்கார மனுஷர்கள், ஒருத்தராவது என்ன ஏது என்று கேட்டார்களா? எல்லாரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

நடுவில் இடுப்பு வலித்திருக்கிறது. மூத்திரத்தில் ரத்தமும் வந்திருக்கிறது. என்னிடம் மூச்சு விடவில்லை. இந்த ஊர் டாக்டர் கையை வைத்தால் கெட்டுவிடும், போட்டவனே எடுக்கட்டும், ஜூனில் டிக்கெட் இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

டாக்டர் எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். "பிளாஸ்டிக்கு எந்த ஊர்ல செஞ்சதுன்னு உடம்புக்குத் தெரியாதும்மா. உங்க பாத்ரூம் பக்கெட்ல வெள்ளையா உப்பு படியுதுல்ல? அதே கதைதான். மூத்திரத்துல இருக்கிற உப்பு குழாய் மேல படிஞ்சு கல்லாயிடும். நாளாக நாளாகக் குழாயும் மிருது போயி மொறுமொறுன்னு ஆயிடும்" என்றார். பக்கெட் என்றதும் எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. ரெட்டியார்பாளையம் தண்ணீரில் பக்கெட் தேய்த்துத் தேய்த்துக் கை தேய்ந்தவள் அல்லவா நான். எல்லா மூத்திரக் குழாயும் இப்படித்தான், கொஞ்ச நாளைக்கு மட்டும் உதவி செய்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், அது குடியிருக்க வந்த சாமான் இல்லை என்றார்.

அடுத்து அவர் சொன்னதைக் கேட்டுத்தான் என்னால் உட்கார முடியவில்லை. முதலில் முதுகு வழியாக ஒரு சின்னக் குழாய் விட்டுச் சீழை வடிக்க வேண்டும். ஜுரம் அடங்கிய பிறகு குழாயின் இரண்டு முனையிலும் இருக்கிற கல்லை உடைத்துவிட்டு, பழைய குழாயை மெதுவாக இழுக்க வேண்டும். இழுக்கும்போது அது உள்ளேயே துண்டு துண்டாக ஒடிந்துபோகலாம். கிட்னி கெட்டுப்போயிருந்தால் அதையே எடுக்க வேண்டியிருக்கும். இந்த வயசில் இந்த ஜுரத்தில் உயிருக்கே கூட ஒன்றும் சொல்ல முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எங்களுக்குப் பிள்ளையா குட்டியா, பக்கத்தில் வந்து நிற்க? அத்ரியான் வெளியே சிகரெட் பிடிக்கப் போயிருந்தார். நான் தனியாக நின்றேன். வில்லியனூர் மாதாவுக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி நடப்பாய் என்று மாதா கேட்கவில்லை, வேண்டுதலை ஏற்றுக்கொண்டாள்.

சீழ் வடிந்ததும் ஜுரம் விட்டது. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனவர்கள் நெடுநேரம் வெளியே வரவில்லை. கடைசியில் டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தபடி வந்தார் பார், அந்தச் சிரிப்புக்கு நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். குழாய் ஒடியாமல் முழுசாக வந்துவிட்டது, கிட்னி தப்பித்தது என்றார். நான் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வராண்டாவிலேயே ஓவென்று அழுதேன். வெட்கமாவது மானமாவது.

மறுநாள் எடுத்த குழாயைக் கொண்டுவந்து காட்டினார். பக்கத்தில், இப்போது அவருக்கு உள்ளே வைத்திருக்கிற மாதிரியே புதுக் குழாய் ஒன்றும் இருந்தது. இரண்டையும் என் கையிலும் உன் அண்ணன் கையிலும் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். புதுசு வேகவைத்த சேமியா மாதிரி வழவழவென்று எப்படி வேண்டுமானாலும் வளைந்தது. பழசு பழுப்பேறி, சொரசொரவென்று, வற்றல் போட்ட கத்தரிக்காய்க் காம்பு மாதிரி விறைத்துக் கிடந்தது. உன் அண்ணனுக்கு அப்போதும் கவலை என்ன தெரியுமா? புதுசு எந்த ஊர் சரக்கு என்று கேட்டார்! டாக்டர் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஜெர்மனி என்றார். உன் அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரன் வயிற்றில் ஜெர்மன்காரன் சாமானா என்று முனகினார். டாக்டர் பழைய குழாயின் மேலே இருந்த கோடுகளையும் அடையாளத்தையும் காட்டி, "இதுவும் அதே கம்பெனிதான் சார். பதினோரு மாசமா உங்க உள்ள ஜெர்மன்காரன்தான் இருந்திருக்கான்" என்றார். செல்வாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அந்த வாரத்தில் அப்போதுதான் நான் முதல்முறையாகச் சிரித்தேன்.

இரண்டாம் சுற்று ஓட்டு அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கிடந்ததால் போட முடியவில்லை. கிட்னி போயிருந்தால்கூட இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார். மூத்திரம் வடிகிற பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டே ஒரு நடை போய் வந்துவிடுகிறேன் என்று டாக்டரிடம் கெஞ்சினார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே புண் ஆறும் வரைக்கும் அதே மாதிரி ஒரு புதுக் குழாயைத்தான் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஜூன் பதினோராம் தேதி திங்கட்கிழமை எடுக்க வேண்டும். அவருடைய டிக்கெட் அதற்கு முந்தின வாரம். நேற்றுச் சாப்பிட்டுவிட்டு மெதுவாக ஆரம்பிக்கிறார், "துலோனுக்குத்தான் போறனே, அங்கயே எடுத்துக்கிட்டா என்னா?" என்று. கையில் கரண்டி இருந்தது, ஏலிஸ். அடிக்கவில்லை, அதற்கே எனக்கு ஒரு மெடல் குத்தலாம். போட்டவனே எடுக்கணும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், இதைப் போட்டவர் டாக்டர் அன்பழகன், அவர்தான் எடுப்பார் என்றேன். டிக்கெட்டைத் தள்ளிப்போட அத்ரியானிடம் சொல்லிவிட்டேன். அவர் இனிமேல் உனக்குப் போன் பண்ணி எதையாவது எடுத்தாச்சு, முடிச்சாச்சு என்று சொன்னால் நம்பாதே. என்னைக் கேள். நானும் உன்னைக் கேட்கிறேன். அவரிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததால்தான் இவ்வளவு தூரம் வந்தது.

உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாதே. உன் வீட்டுக்காரர் போன பிறகு நீ அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாயா, ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுத்துவிடுகிறாயா என்று உன் அண்ணன் அடிக்கடி கேட்பார். நானும் நினைத்துக்கொள்வேன். இங்கே மாங்காய் வந்துவிட்டது. அத்ரியானிடம் ஒரு பாட்டில் ஊறுகாய் கொடுத்திருக்கிறேன், காரம் குறைத்துத்தான் போட்டேன்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவர் என்ன கேட்டார் தெரியுமா? கிட்னி இருக்கிறதா என்று கேட்கவில்லை. குழாயைக் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கும் ஏலிசுக்கும் சண்டையா? என்னால ரெண்டு பேரும் பேசறதில்லயா?" என்று கேட்டார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது அந்த மனுஷனுக்கு. சண்டையா, யார் சொன்னது, தினமும் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், குழாய் எடுக்கிற பதினோராம் தேதிக்கு அவளும் வருகிறாள் என்று சொல்லிவிட்டேன். அதைக் கேட்ட பிறகுதான் தூங்கினார்.

இந்த வீட்டில் ஒரு வருஷமாகப் பொய் சொன்னவர் அவர். நான் சொன்னது இந்த ஒன்றுதான், அதுவும் பொய்யாகப் போகாமல் நீதான் காப்பாற்ற வேண்டும். மாடி அறையைக் கழுவிவிட்டு, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். வந்துவிடு, ஏலிஸ். வில்லியனூருக்கு நடக்க எனக்கு ஒரு கை துணை வேண்டும்.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும் அண்ணி,
பிலோமின்